முதல் வரிசை நாற்காலி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் பருப்பு, மிளகாய் நிறுத்துப் பொட்டலம் கட்டுவது என் வேலை. நடுவில் மூன்று மாதம் அதற்குப் போகாமல் கிடந்தேன். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. எழுந்து பல் தேய்க்கவே முடியவில்லை. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். "ஏதாவது கேக்கணுமா?" என்றார். கேட்க நிறைய இருந்தது. கூச்சத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மாத்திரையின் இரண்டாம் நாள் அது. மதியம் வேலை முடிந்து ஆங் மோ கியோவில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது தரை மெத்தை போல அமுங்கியது. சீனர்களின் ஏழாம் மாதம், இறந்தவர்கள் வந்துபோவதாக அவர்கள் நம்பும் மாதம். எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துத் திடலில் கூத்துக்காக மேடை போட்டு, சிவப்பு நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கைக்கு எட்டிய ஒன்றில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். மேடையில் யாருமில்லை, பின்னால் அத்தனை வரிசையும் காலி. ஆனாலும் கூட்டத்துக்கு நடுவில் இருப்பது போல நெருக்கமாக இருந்தது.

ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த சீனத் தாத்தா ஒருவர் வேகமாக வந்தார். "சினி தாக் போலே டுடோக் லா," என்றார். இங்கே உட்காரக்கூடாது என்று மலாயில் சொன்னார். முதல் வரிசையை இறந்தவர்களுக்காக விட்டுவைப்பார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தலைசுற்றலில் மறந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து இடது காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சட்டென்று திரும்பினால் கடை அலமாரிகள் ஒரு நொடி பிந்தி வந்து நின்றன. தூக்கம் வராமலே கொட்டாவி வந்தது. தாடை இறுகியது. மிளகாய் அள்ளும்போது கை ஆடியது. விடியற்காலைக் கனவில் அந்த நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன.

மனைவியிடம் சொன்னேன்.

"அது அவங்க சீட்டுங்க. நீங்க போய் உக்காந்தா சும்மா விடுவாங்களா?"

"தெரியாமத்தான் உக்காந்தேன்."

"பஸ்ல உக்காந்த மாதிரி சொல்றீங்க. மொதல்ல மாத்திரைய நிறுத்துங்க. கோயில்ல கயிறு கட்டிட்டு வருவோம்."

அடுத்த நாள் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விழுங்கினால் பின்னால் நிற்பவருக்குக் கோபம் வருமோ? விழுங்காவிட்டால் அந்த மூன்று மாதம் திரும்பி வருமோ? இரண்டில் அந்த மூன்று மாதம்தான் எனக்கு அதிகப் பயம். மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி எடுத்தாள். நாற்காலி வரை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"தல சுத்துனது எப்ப அங்கிள்? உக்காந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

யோசித்தேன். "முன்னாடி. அதனாலதான் உக்காந்தேன்."

"அப்ப நாற்காலி மேல பழி போடாதீங்க. மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல இப்படி வரும். என்ன சாப்பிட்டுட்டுப் போடுறீங்க?"

"வெறும் கோப்பி."

"நல்லாச் சாப்பிட்டுட்டுப் போடுங்க. ரெண்டு வாரத்துல பெரும்பாலும் கொறஞ்சிடும். நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு எடத்துல இருக்க முடியாமத் தவிச்சாலோ, வாழவே வேணாம்னு தோணுனாலோ உடனே கூப்பிடுங்க."

ரொட்டி சாப்பிட்டுவிட்டு விழுங்கினேன். மனைவிக்காகக் கயிறும் கட்டிக்கொண்டேன். காதுக்குப் பின்னால் கேட்ட மூச்சு மட்டும் விலகவில்லை. அதோடுதான் ரயில் ஏறினேன், அதோடுதான் பொட்டலம் கட்டினேன். இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நிற்கப் பழகிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் கொத்தமல்லி நிறுக்கும்போது கை ஆடவில்லை. காதுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"போயிட்டாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியல. காலையில வேலைக்குப் போகணும், எழுப்பி விடு," என்றேன்.

இதை எழுதி முடித்தது புரட்டாசி முதல் சனிக்கிழமை.