மேடையில் சொன்ன பிள்ளை

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து, மடித்து, அடுக்கி, வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். ஆவியில் வெந்த முகத்தோடுதான் சாயங்காலம் வீடு திரும்புவாள். புருஷன் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அளந்து பேசுகிற மனிதர்.

இருவருக்கும் ஒரே பையன். பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, குளியலுக்கு என்று எதற்கும் தாமதமாக வருவதால் கூட்டாளிகள் அவனுக்கு 'லேட்டு' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. "டேய் லேட்டு, எந்திரிடா" என்றுதான் அம்மாவே எழுப்புவாள்.

தெருமுனையில் ஒரு பழைய கார் ஷெட்டில் சமூக மையம் நடந்தது. படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு உண்டு, வயரிங் வேலை கற்றுக்கொடுப்பார்கள். கூலி வேலை முடிந்து வரும் பெரியவர்கள் ஒரு மூலையில் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். லேட்டு போனது கேரம் ஆட. புத்தகத்தை அவன் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் மகன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதி.

ஷெட்டுக்குச் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். மையத்தை மூடினார்கள். போக்கிடம் இல்லாத பிள்ளைகள் மேம்பாலத்துக்கு அடியில் கூட ஆரம்பித்தார்கள். அங்கே எவனோ இரவல் பைக்கில் வித்தை காட்டினான். பின்னால் உட்கார்ந்து போன லேட்டு உயிரோடு திரும்பவில்லை. பதினேழு வயது.

சில மாதம் கழித்து, மையத்தை நடத்திய டீச்சர் வீட்டுக்கு வந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் சேமிப்பையும் அந்த ஷெட்டிலேயே கரைத்தவர்.

"சொந்தமா ஒரு கட்டடம் இருந்தா யாரும் நம்மளை வெளிய போகச் சொல்ல முடியாதும்மா. நான் போய்க் கேட்டா பார்க்கலாம்னு சொல்றாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

அவள் போனாள். முதல் கூட்டத்தில் "என் பையன் அங்கதான் போவான்" என்பதற்குமேல் வரவில்லை. கூட்டமே கண்ணைத் துடைத்தது, நன்கொடை குவிந்தது. அதன்பின் வியாபாரிகள் சங்கம், வங்கி ஊழியர்கள், கல்லூரி என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. வார விடுமுறையெல்லாம் அதற்கே போயிற்று.

போகப்போக அவளுக்குப் பேச்சு கைவந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் கைக்குட்டைகள் வெளியே வரும் என்று தெரிந்துபோனது. ஒரு கூட்டத்தில் டீச்சர் அறிமுகம் செய்யும்போது, "நல்லாப் படிக்கிற பையன், எஞ்சினியர் ஆகணும்னு ஆசைப்பட்டான்" என்றார். கேரம் பலகைப் பக்கம் அவர் அதிகம் வந்ததில்லை; யாரோ சொல்லி நம்பியிருக்க வேண்டும். அவள் மறுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவளே அதைச் சொன்னாள்.

டீச்சர் வற்புறுத்தியதால் புருஷன் ஒருமுறை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். திரும்பி நடக்கையில் பாதி வழியில் நின்றார்.

"யாரு அந்தப் பையன்?" என்றார் திடீரென்று.

"என்னங்க கேள்வி இது?"

"நம்மாளு கணக்குப் புத்தகத்தைத் தலைக்கு வச்சுத் தூங்குனவன். நீ சொன்ன பையனை நான் பார்த்ததே இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. "சோம்பேறிப் பையன் ஒருத்தன் செத்துட்டான்னு சொன்னா யாருங்க காசு கொடுப்பா?"

அவர் நடையை எட்டிப் போட்டார். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

கட்டடம் எழுந்தது. திறப்பு நாளன்று கூடத்துச் சுவரில் மகனின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் தலையைப் படிய வாரிவிட்டு, உடைந்த முன்பல்லையும் சரிசெய்திருந்தார். எல்லோரும் அழுதார்கள். அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அழுகை வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ என்று ஒரு கணம் தோன்றியது.

டீச்சர் அருகில் வந்தார். "மேல்மாடி மட்டும்தான் பாக்கி. அடுத்த மாசம் ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க..."

"இனிமே என்னால முடியாது டீச்சர்."

"உடம்புக்கு என்னம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சொல்லிச் சொல்லி அவன் தேஞ்சு போயிட்டான் டீச்சர். வீட்டுல கண்ணை மூடினா அவன் வரல. நான் பேசின பேச்சுதான் வருது."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டிருக்கக் கூடாதோ?"

"அப்படி இல்ல. நாலு பிள்ளைங்க உள்ள உக்காந்திருக்கு பாருங்க. அதுக்குத்தானே."

வீட்டுக்கு வந்தபோது புருஷன் குழாயடியில் கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவனைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்குக் கேட்கிறாளோ என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அது போயிற்று.

"சோப்பைத் தண்ணிக்குள்ளயே விட்டுட்டு வருவான். நாம குளிக்கப் போனா கூழாக் கிடக்கும்."

"ம்."

"ஒருநாள் என் ஷூவை மாட்டிக்கிட்டு ஓடிட்டான். நான் அவன் ரப்பர் செருப்போட டிப்போவுக்குப் போனேன். சூப்பர்வைசர் கேக்குறாரு, என்னய்யா கடற்கரைக்குக் கிளம்பிட்டியான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள், படத்துக்கு முன்னால் வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய தோளும் குலுங்கியது.

"இன்னும் சொல்லுங்க" என்றாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"நாளைக்குச் சொல்றேன். எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லிட்டா எப்படி?"

மேல்மாடிக்காக, பிள்ளையைப் பறிகொடுத்த வேறொரு தாய் பேசப் போவதாகப் பின்னால் கேள்விப்பட்டாள். அந்தப் பெண்ணைத் தேடிப்போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாள். மிச்சத்தைச் சொல்வதாக இருந்த அந்த மறுநாள் புருஷனுக்கு இரட்டை ஷிப்ட். வந்தவர் சாப்பிட்டதும் சுருண்டு படுத்துவிட்டார். அவள் எழுப்பவில்லை.