கழுத்தில் தொங்கிய மைக்

மயிலாப்பூரில் நான் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்பில் ஜெனிபாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அவளுக்காகப் பள்ளியில் ஒரு சின்ன மைக் கொடுத்திருந்தார்கள். அதை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டால் என் குரல் நேராக அவளுடைய காது மிஷினுக்குப் போய்விடும். அப்படியும் சில வரிகள் பிடிபடாது. "மிஸ், இன்னொரு வாட்டி" என்பாள்.

போன மாதம் வகுப்புக்கு நடுவில் சாக்பீஸ் எடுக்கப் பக்கத்திலிருந்த ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சரிடம், "அந்த ஜெனிபாவுக்காக ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை சொல்லணும். போர்ஷனை எப்ப முடிக்கிறது? உயிரை வாங்கறா" என்று அலுத்துக்கொண்டேன்.

வகுப்புக்குத் திரும்பியதும் ஜெனிபா என் கழுத்தைக் காட்டினாள்.

"மிஸ், மைக்கு ஆன்லயே கீது."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டியிருக்கும். மைக்கை அணைக்க மறந்துவிட்டோமே என்றுதான் அப்போது தோன்றியது. பாடத்தைத் தொடர்ந்தேன்.

அதன்பிறகு அவள் 'இன்னொரு வாட்டி' என்று கேட்டதே இல்லை. இப்போது நானாகவே எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்கிறேன். இரண்டாவது முறை சொல்லும்போது அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.