பட்டாபிராமில் கழன்ற ஏழு நட்டுகள்

பழைய ராணுவ லாரி வைத்திருப்பவர்களும் வாங்கும் ஆசையில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பழைய வண்டிகளின் கண்காட்சி நடந்தது. வண்டி நிற்கும் வேப்பம்பட்டிலிருந்து இருபத்து மூன்று கிலோமீட்டர். என் லாரியை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன், போய்ச் சேரவில்லை. வழியில் ஒருவருடைய வலது கை நசுங்கியது. தப்பு என்னுடையது. கடைசிவரை இழுத்தடித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு முகப்பேரில் ஃப்ளாட், கணினி வேலை. ஃப்ளாட்டில் லாரியை நிறுத்த இடம் ஏது? வேப்பம்பட்டில் நண்பர் ஒருவரின் காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருக்கிறேன். ஏலத்தில் எடுத்த, அறுபதுகளில் செய்த வண்டி. ஞாயிறு தவறாமல் நான் அங்கே ஓடுவதால் என் மனைவி அதைச் ‘சின்ன வீடு’ என்பாள்.

இந்த வண்டியின் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒன்று நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு இரும்புத் தட்டுகளை எதிரெதிராக வைத்து நட்டுப் போட்டு இணைத்ததுதான் ரிம். எனவே சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் தெரியும். உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை. வெளிவட்டத்தில் இருக்கும் பத்து நட்டுகள் அந்த இரண்டு தட்டுகளைப் பிடித்திருப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் ரிம் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதற்காகவே அந்தப் பத்துக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு நான் நான்கு சக்கரங்களையும் முழுக்கப் பச்சையாக அடித்தேன். போட்டோவில் சிவப்பு கண்ணை உறுத்தியது. எதற்காகச் சிவப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதன் மேல் பச்சையைப் பூசினேன்.

அன்று காலை 5.50க்கு முகப்பேரிலிருந்து பைக்கில் கிளம்பினேன். அம்பத்தூர், ஆவடி வழியாக வேப்பம்பட்டு இருபத்தைந்து கிலோமீட்டர், 6.45க்குப் போய்விட்டேன். லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்தான் தரும் என்பதால் பத்து லிட்டர் பெட்ரோல் ஊற்றினேன். 7.30க்குப் புறப்பாடு. முப்பதுக்கு மேல் விரட்டினால் ஸ்டியரிங் கையில் ஆடும், ஆகவே உருட்டிக்கொண்டே போனேன். எட்டு மணிக்குப் பட்டாபிராமை நெருங்கும்போது வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் இடது டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது. நூறடி தள்ளி ஒரு பஞ்சர் கடை தெரிந்ததும், என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் பெயர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். ஜாக்கி, ஸ்பேனர், கடப்பாறையோடு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“லாரி டயரு தெனமும் கய்ட்றேன் சார். இந்த மாரி வண்டி தொட்டதில்ல. எம்மாம் வெயிட்டு கீது இது?”

“நூறு கிலோவுக்கு மேல இருக்கும்.”

“அப்ப தூக்குற வேலையே வாணாம். கடப்பாறைல நெம்பி இறக்கிக்கலாம். நீங்க தள்ளி நில்லுங்க சார். கால் மேல வுழுந்தா பாதம் கூழாயிடும்.”

என் காலைப் பற்றிக் கவலைப்பட்டார். நான் தள்ளி நின்றேன். ‘வெளிவட்டத்தைத் தொடாதீங்க’ என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் அது. அதற்குள் பைக்கில் போன இருவர் நிறுத்தி, எந்த வருஷத்து வண்டி, எத்தனை குதிரைத்திறன் என்று ஆரம்பித்தார்கள். கேட்டால் போதாதா எனக்கு? பானட்டைத் திறந்து பிரசங்கமே செய்தேன்.

ஏழுமலை முறைப்படி உள்வட்டத்தில்தான் ஆரம்பித்தார். ஆனால் இந்த வண்டியின் இடது பக்கச் சக்கரங்களில் அந்த நட்டுகளின் மரை தலைகீழ். வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். அதையும் நான் சொல்லவில்லை. அவர் ஸ்பேனர் மேல் ஏறி நின்றுகூட மிதித்துப் பார்த்திருக்கிறார்.

“சார், இது துரு புட்சிகினு அசைய மாட்டேங்குது. வெளி நட்டுல கை வெக்கட்டா?”

“வைங்க, வைங்க” என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வெளி நட்டுகள் சுலபமாக வந்தன. ஏழு கழன்றன. எட்டாவதில் ஸ்பேனர் இருந்தபோது ரிம் வெடித்தது. மணி 8.35. நான் திரும்பியபோது ஏழுமலை சாலையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். ஆட்டோவில் ஏற்றி ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஐந்து கிலோமீட்டர், பதினைந்து நிமிடம். அங்கே கட்டுப் போட்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு இனி மடங்காது.

இனி உங்களுக்கான யோசனைகள். இவ்வளவு கனமான சக்கரத்தைக் கையால் தாங்கவே நினைக்காதீர்கள், சரிந்தால் விழ விட்டுவிட்டு விலகுங்கள். கிளம்பும் முன்பே உங்கள் வண்டியின் மரை எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து வையுங்கள். எதைக் கழற்றுவதற்கும் முன் வால்வுக்குள் இருக்கும் ஊசியை எடுத்து, காற்று முழுக்க இறங்கும்வரை காத்திருங்கள். வெளி நட்டுகளுக்குச் சிவப்பு அடியுங்கள். போட்டோ எப்படி வந்தாலும் பரவாயில்லை. சக்கரத்தில் வேறொருவர் கை வைக்கும்போது அவர் பக்கத்திலேயே நில்லுங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். என் லாரி இப்போது வேப்பம்பட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதைத் தொட எனக்கு மனமில்லை, விற்கவும் பயமாயிருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலையின் மனைவி வசந்தா எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“சார் மேல ஒண்ணும் தப்பு இல்ல வசந்தா” என்றார் ஏழுமலை. “அவுரு எதுனா சொல்லிக்கினுதான் இருந்திருப்பாரு. நான்தான் கவனிக்கல. இருவது வருசமா இதே தொழில் பண்றேன், எப்டி இப்டி ஏமாந்தேன்னு தெர்ல.”

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆமோதிப்பதுபோலத் தலையை ஆட்டினேன். பச்சைப் பெயிண்டைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.