ஒற்றை விரல் சுருதி

போன வாரம் செம்பூர் டீக்கடையில் பக்கத்தில் நின்ற பெண், போனில் கிதார் வாசிப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கரகரவென்று ஒரே இழுப்பு. யாரென்று கேட்டேன்.

"டோம்பிவிலி பேண்ட், அங்கிள். ஆனா ஸ்டைல் 'நைன்டி ஃபீட்'னு ஒரு பழைய பேண்டோடது. எய்ட்டீஸ் தாராவி பங்க் ராக். அந்த ட்யூனிங்கையே ரகுதான் கண்டுபிடிச்சாராம்."

டீ நாக்கைச் சுட்டது. நைன்டி ஃபீட், ரகுவும் காதிரும் நானும் சேர்ந்து நடத்திய குழு.

ரகு கண்டுபிடித்தானா? அது என் தப்பு ஐயா, என் சொந்தத் தப்பு. ஏழாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பிய எனக்குக் கிதாரில் சுருதி சேர்க்க எங்கே தெரியும்? மாதுங்காவில் ரகுவின் அம்மா பாடுவதற்கு வைத்திருந்த சுருதிப்பெட்டியைக் கேட்டு, ஆறு கம்பிகளையும் சட்ஜமம், பஞ்சமம் இரண்டில் மட்டும் நிறுத்தினேன். ஒற்றை விரலைக் குறுக்கே படுக்கவைத்து மேலும் கீழும் இழுத்தால் போதும், சயான் ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைகிற சத்தம் வரும். ரகுவுக்குத் தெரிந்த வித்தையும் அவ்வளவுதான்.

தோல் பசை வாசனை வந்தால் இன்றும் காதிர் நினைவு வரும். அவன் வேலை பார்த்த தாராவிப் பட்டறையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. சாயப் பீப்பாய்கள்தான் அவனுக்கு டிரம்.

கல்லூரிகளில் பேர் வந்ததும் ரகு என்னைத் தனியே அழைத்தான். "ஸ்டேஜுக்கு நீ வேண்டாம்டா. ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் வராது நோக்கு. ட்யூன் பண்ணிக் குடு, அது போறும்." என் இடத்தில் அவனுடைய கல்லூரித் தோழன் நின்றான்.

சரி என்றேன். சரியான சுருதி எதுவென்று அதற்குள் ஒரு கோவாக்காரரிடம் தெரிந்துகொண்டிருந்தேன். அடுத்த கச்சேரியில் இரண்டு கிதார்களுக்கும், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, முறைப்படி சுருதி சேர்த்துக் கொடுத்தேன்.

ரகு விரலைப் படுக்கவைத்து இழுத்தான். தகரத்தை ஆணியால் கீறியதுபோல் இருந்தது. "அரே, பந்த் கர்!" என்று, நிறுத்தச் சொல்லிக் கூட்டம் கத்தியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஓரமாக நின்று வடாபாவ் தின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு ருசியான வடாபாவ் பிறகு கிடைக்கவேயில்லை.

காதிர் பாதியில் குச்சிகளை வீசிவிட்டு இறங்கி வந்தான்.

"ஏல, நீதானா?"

"ஆமா."

"அவன அறையணும்னா அறஞ்சிருக்கலாம்லா? என் அடிய ஏம்ல கெடுத்த?"

அதோடு குழு கலைந்தது. காதிர் உல்லாஸ்நகரில் துணி விற்கப் போனான். மறுபடி குச்சியைத் தொடவில்லை. ரகு விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை. இன்று கிதாரைக் கொடுத்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் பட்டறைப் பயிற்சியில் பதிவாகி, இன்று ஊரெல்லாம் பிரதி எடுக்கிற எங்கள் ஒரே கேசட்டில், மைக் கிதார் பக்கமாக இருந்துவிட்டது. காதிரின் அடி, பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோலத்தான் கேட்கிறது.