ஆதித்யன் காதலைச் சொன்னபோது அத்தை கருவாடு கழுவினார்

காதல் நாவல் எழுதுவது மெத்தையில் சாய்ந்துகொண்டு செய்கிற சொகுசு வேலை என்று யாராவது சொன்னால், அவர் மடியில் ஒரு கைக்குழந்தையைப் போட்டு, ‘சாயங்காலத்துக்குள் ஒரு அத்தியாயம் வேண்டும்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, மறுகையால் போனில் நாயகியை வெட்கப்பட வைக்கிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

நான் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். பிரசவத்துக்காக வேலையை விட்டேன். இணையத்தில் பெண்கள் கதை எழுதும் தளம் ஒன்றில் ‘ரேகா மோகன்’ என்ற பெயரில் சில தொடர்கள் எழுதியிருக்கிறேன். பாப்பா பிறந்த பிறகு அந்தப் பெயரே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் நான் பாப்பா அம்மா, தெருவில் மோகன் சம்சாரம். அப்போதுதான் அந்தத் தளத்தில் முகமூடிப் போட்டி அறிவித்தார்கள். முதல் மூன்று நாவல்களையும் புத்தகமாகப் போடுவார்களாம். அட்டையில் என் பெயர்! பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே பதிவு செய்துவிட்டேன்.

முகமூடிக்குள் மூச்சு முட்டுது

போட்டியின் விதி இதுதான். எழுதுகிறவர் யார் என்று வாசகர்களுக்குத் தெரியக் கூடாது. எல்லோருக்கும் ஒரு பூவின் பெயர் கொடுப்பார்கள், எனக்குப் பன்னீர்ப்பூ. அட்மின் மேடத்துக்கு மட்டும்தான் உண்மை தெரியும். நாமாக வெளியில் சொன்னாலோ, வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டாலோ, எவ்வளவு எழுதியிருந்தாலும் நாவல் போட்டியிலிருந்து போய்விடும். ஒரு முறை பதிவிட்ட அத்தியாயத்தை அதன் பிறகு திருத்தவும் கூடாது. அட்டையில் பெயர் வர வேண்டும் என்றால் அதுவரை பெயரை ஒளித்து வைக்க வேண்டும். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

டைப் செய்ய எனக்குக் கை ஏது? போனில் மைக் பட்டனை அழுத்திவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். காலை நீட்டி, பாப்பாவைக் காலில் போட்டுக்கொண்டு, போனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பிப்பேன். “உங்களை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை ஆதித்யன்!” என்று நான் உருகிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பக்கத்து போர்ஷன் செல்வி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு அன்று ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்க வேண்டியவள். கதை எழுதுகிறேன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் செல்வியின் தங்கை அந்தத் தளத்தின் தீவிர வாசகி. அவள் காதுக்குப் போனால் போட்டியே போச்சு. செல்வி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக் கேட்டாள்: “தப்பா நென்ச்சிக்காதக்கா. ஊட்டுக்காரர் பேரு மோகன்தானே? அப்ப இந்த ஆதித்யன் யாரு?”

அத்தை உள்ளே வந்த அத்தியாயம்

என் அத்தையைப் பற்றி, அதாவது மோகனின் அம்மாவைப் பற்றி, இங்கே சொல்லியாக வேண்டும். கம்பெனி கேன்டீன் ஒன்றில் வெகுகாலம் சமையல் செய்தவர். அடுப்புச் சத்தத்தையும் மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை. சமையலறையிலிருந்து அவர் பேசினால் தெருமுனை ஆட்டோ திரும்பிப் பார்க்கும். இந்த ஊரில் என்னை இன்னும் ரேகா என்று கூப்பிடுகிற ஆளும் அவர்தான்.

கதையில் அன்றைக்கு முக்கியமான கட்டம். சுவிட்சர்லாந்தில் படித்துத் திரும்பிய எம்.டி. ஆதித்யன், ரோஜாத் தோட்டத்தில் மித்ராவிடம் காதலைச் சொல்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். பாப்பா வீறிட்டது. அவசரத்தில் எழுதியதைத் திரும்பப் படிக்காமல் பதிவிட்டுவிட்டு எழுந்தேன். பாப்பாவுக்குத் துணி மாற்றி, பால் கொடுத்து, தூளியில் போட்டுவிட்டு வந்துதான் பதிவிட்டதைப் படித்தேன். எங்கள் ஊர்ப் பேச்சு அந்த போனுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. ஆதித்யன் மித்ராவின் கையைப் பற்றி, ‘உன் கண்களைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்கிறான். அடுத்த வரி: ‘ரேகா இன்னாமே போனாண்டயே பேசிக்கினு கீறே பாப்பா நனைச்சிக்கினு கத்துது பாரு நான் கருவாடு கய்விக்கினு கீறேன் கை நாறுது வந்து தூக்கு.’ அதற்கடுத்த வரியில் மித்ரா வெட்கத்தோடு தலை குனிகிறாள்.

திருத்தக் கூடாது என்பது விதி. சரி, அட்மின் காலில் விழுந்தாவது எடுக்கச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கரண்ட் போனது. எங்கள் தெருவில் கரண்ட் போனால் பின்னாலேயே டவரும் போய்விடும். மொட்டை மாடிக்கு ஓடினேன், வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தேன். என் பெயர், அத்தை வாயால் என் கதைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை நாள் உழைப்பு! அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கீழேயிருந்து அத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: “இன்னாமே, துணியும் காயப் போடல, வடாமும் போடல, சும்மா மேல நின்னு இன்னா காயறே?”

எம்.டி.யின் பிறந்த ஊர்

டவர் திரும்பி வந்தபோது கருத்துகள் குவிந்திருந்தன. ஒருவராவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ‘ஹீரோ அம்மா என்ட்ரி மாஸ்!’, ‘கருவாடு கழுவுற கையோட வந்து லவ்வை கெடுக்கிறாங்களே, செம!’, ‘யாருப்பா அந்த ரேகா? வில்லியா?’ மறுபடி மேலிருந்து படித்தேன். அத்தை பேசியதை அவர்கள் கதை என்றே நம்பிவிட்டார்கள். இனி அதைக் கதையாக்குவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆகவே அடுத்த அத்தியாயத்தில் சுவிட்சர்லாந்து ஆதித்யன் கும்மிடிப்பூண்டியில் பிறந்தவனானான். அவன் அம்மா கேன்டீனில் சமைத்து அவனைப் படிக்க வைத்தவரானார். ரேகா அவன் அண்ணி, கைக்குழந்தைக்காரி. அந்த ரோஜாத் தோட்டம் இருந்ததே மொட்டை மாடியில்தான் என்று சத்தமில்லாமல் சேர்த்துவிட்டேன்.

வாசகர்கள் அதோடு விட்டார்களா? ‘அம்மா எங்கே, அம்மா எங்கே’ என்று தினமும் கேட்டார்கள். எனக்கோ அந்தப் பேச்சை எழுத வரவில்லை. நான் எழுதினால் அந்த அம்மா செய்தி வாசிக்கிறார். வேறு வழியில்லாமல் திருட்டுத்தனம் செய்தேன். அத்தை வெங்காயம் உரிக்கும்போது மைக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பாப்பாவோடு உட்கார்ந்துகொள்வேன். கேன்டீன் மேஸ்திரியை அவர் வைதது, கல்யாணமான புதிதில் என் மாமனார் அவரைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி ஏமாற்றியது, எல்லாம் அப்படியே ஆதித்யன் வீட்டுக்குப் போனது. மனசு உறுத்தியது. ஆனாலும் எடுத்தேன். மோகனிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, அந்த அத்தியாயங்களைப் படிக்கக் கொடுத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு படித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: “இப்பத்தான் உன் ஹீரோ மனுசன் மாதிரி கீறான். ஒரு நாளாச்சும் அவன கம்பெனிக்கு வேலைக்குப் போச் சொல்லு.”

அட்மின் அழைத்தார்

ஒருநாள் காலையில் அட்மின் மேடத்திடமிருந்தே அழைப்பு வந்தது. அவர் எழுத்தாளர்களை அழைத்துப் பேசுகிற வழக்கமே இல்லை. பாப்பாவை அத்தை கையில் திணித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். கதையில் ரேகா என்ற பெயர் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எழுதியவர் தன் பெயரையே நுழைத்திருந்தால் அது விதிமீறல் இல்லையா என்று போட்டியாளர் ஒருவர் கேட்டிருக்கிறாராம்.

நான் உள்ளதைச் சொன்னேன். மைக், கருவாடு, கரண்ட், மொட்டை மாடி எல்லாம். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நாவலை முடிக்க வேண்டிய கெடு தாண்டிய மறுநாள், தளத்தில் ‘எழுதியது யார்’ என்று ஒரு திரியை, அதாவது எல்லோரும் கருத்துப் போடும் பக்கத்தைத் திறப்பார்கள். ஒவ்வொரு பூவும் யார் என்று வாசகர்கள் அங்கே ஊகித்துச் சொல்வார்கள். எனக்குத் தீர்ப்பு அங்கேதான் என்று மேடம் சொன்னார்: “இப்போதைக்கு அது ஒரு பாத்திரத்தோட பேர், அவ்வளவுதான் ரேகா. ஆனா அந்தத் திரியில பாதிப் பேருக்கு மேல உங்களைச் சொல்லிட்டா, என் கையில ஒண்ணும் இல்லை. முடிக்கிறதா விடுறதான்னு நீங்களே பாத்துக்கோங்க.”

ஊசி நாள்

முடிப்பது என்றுதான் முடிவெடுத்தேன். வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிகிற நாள் புதன்கிழமையாக வந்து தொலைத்தது. புதன்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி. அதைத் தள்ளிப் போட முடியாது. கடைசி அத்தியாயமோ பாதியில் நிற்கிறது. ஊசி போட்டால் பாப்பாவுக்குக் காய்ச்சல் வரும், அப்புறம் எதுவும் நடக்காது. ஆகவே வரிசையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு போனில் கிசுகிசுத்தேன். ஆதித்யன் மித்ராவைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறான். அவன் அம்மா அவனைப் பிடித்து உலுக்குகிறார். இப்போது அவன் மித்ராவைத் தேடி ரயில் நிலையத்துக்கு ஓட வேண்டும்.

கிசுகிசுப்பு என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் என் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையின் வாயில் விரலை வைத்து அடக்கிக்கொண்டிருந்தாள். பாப்பாவின் பெயரைக் கூப்பிட வந்த சிஸ்டரும் ஊசி மருந்துப் பெட்டியோடு கதவருகே நின்றுவிட்டார். நான் பதறி எழுந்தேன். சிஸ்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்: “இரும்மா. அந்தாளு மன்னிப்பு கேட்டானா இல்லியா? அத்த சொல்லிட்டு உள்ள வா.”

எழுதியது யார்

மன்னிப்பு கேட்டான். காய்ச்சலில் சுருண்ட பாப்பாவை அத்தை தோளில் போட்டுக்கொண்டு உலாத்த, கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்பு கடைசி அத்தியாயத்தைப் பதிவிட்டேன். இந்த முறை திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான். மறுநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. எனக்குப் பிடித்துக்கொண்டது. திரியைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு பூவாக ஊகித்துக்கொண்டே வந்தார்கள். என் பூ வந்ததும் முதல் ஆளே எழுதியிருந்தார்: ‘பன்னீர்ப்பூ கதையில ரேகான்னு பேர் வருதே. நம்ம ரேகா மோகனா இருக்குமோ?’

முடிந்தது கதை என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அழக்கூடத் தோன்றவில்லை. பாப்பா தூங்கியது. துணி மடித்தேன். மனசு கேட்காமல் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதற்கு என் பழைய வாசகி ஒருவர், என் எல்லாத் தொடர்களுக்கும் தவறாமல் இதயம் போடுகிறவர், பதில் எழுதியிருந்தார். அவரை ஆமோதித்து ஒரு கூட்டமே கீழே நின்றது. வேறு பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், என்னை யாருமே மறுபடி நினைக்கவில்லை. தப்பித்தேன் என்று சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்றது. அவர் எழுதியிருந்தது இதுதான்: “ரேகா மோகனா? சான்ஸே இல்ல சிஸ். அவங்க கதையில மாமியார்னா செவுத்துல மாலை போட்ட போட்டோவாத்தான் இருப்பாங்க. இப்படி உயிரோட ஒரு மாமியாரை எழுத அவங்களுக்கு எங்க வரும்?”

அட்டையில் பெயர்

மூன்றாம் இடம். புத்தகம் வந்தது. அட்டையில் ரோஜாவுக்குப் பக்கத்தில் ரேகா மோகன். அந்த இரண்டு சொல்லையும் விரலால் தடவிப் பார்த்தேன். பாப்பா எட்டிப் பிடித்து முனையைச் சப்பியது. செல்வி வந்து பார்த்துவிட்டு, ஆதித்யன் யார் என்று தெரிந்ததில் நிம்மதியாகப் போனாள். எனக்கு ஒரே ஒரு பயம்தான் பாக்கி. அத்தை.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் மோகனை உட்கார வைத்து அத்தை படிக்கச் சொன்னார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறையை விட்டு நகரவில்லை. கருவாடு வந்தது. மேஸ்திரி வந்தார். மாமனார் சினிமாவுக்குக் கூட்டிப்போகாமல் ஏமாற்றிய இடம் வந்தபோது அத்தை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மோகன் படிப்பதை நிறுத்தினார். கோபமா, அழுகையா என்று தெரியாமல் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை புத்தகத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, எழுத்துக் கூட்டி அட்டையைப் படித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, கேன்டீன் குரலில் கேட்டார்: “பேசுனதெல்லாம் நானு. அட்டையில மட்டும் உன் பேரா?”

காதல் நாவல் எழுத உட்காரும் தாய்மார்களே, நான் கண்டறிந்தது இவ்வளவுதான்: நாயகனை எங்கிருந்து வேண்டுமானாலும் இறக்குமதி செய்துகொள்ளலாம், மாமியார் மட்டும் மைக்குக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.