மூடிய முகம்

மியூசியத்தில் வேலை என்றால் சொந்தக்காரர்கள் சிலை துடைக்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் துடைப்பது எலும்பு. சொன்னால் என் கையால் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார்கள் என்பதால் சொல்வதில்லை.

அப்படி வந்தது, நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில் குழி தோண்டும்போது கிடைத்த முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. உள்ளே ஒரு பெண்ணின் எலும்புகள் இருந்தன. திண்டுக்கல்லில் எங்கள் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தபோது மண்டையோடும் மண்ணும் ஒரே கட்டியாக இருந்தன. ஈரம் பட்டால் பொடிந்துவிடும். மூங்கில் குச்சியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் பொறுமையாக மண்ணை எடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மணல் பரப்பிக் கிடத்தினேன். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ள அடியில் ஒரு தட்டு நிறைய நீல மணிகள் வைத்தேன். நிறம் மாறினால் அவற்றை மாற்ற வேண்டும். வருகிறவர்களைப் பார்க்கிற மாதிரி அவள் முகத்தைத் திருப்பி வைத்ததும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமையில்தான் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பா போன பிறகு ஊரை விட்டு என்னோடு வந்து இருந்தாள். பெட்டி முன்னால் நின்று கண்ணாடியில் கை வைத்தாள்.

"மூடுன மொகத்த எதுக்குத்தா தெறந்து வச்சிருக்கீக?"

எங்கள் சனத்தில் புதைப்பதுதான் வழக்கம், அதுவும் சொந்த வெள்ளாமைக் காட்டிலேயே. குழிக்குள் இறக்கியதும் "மொகம் பாக்குறவுக பாத்துக்கங்க" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் பார்த்து முடித்ததும் துணியை இழுத்து மூடிவிடுவார்கள். அதற்கு மேல் யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. அப்பாவுக்கு மூடிய பிறகுதான் அத்தை வந்து சேர்ந்தாள். மண்ணில் புரண்டு அழுதாள். அப்போதும் திறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள். "என்னைய எரிச்சிரு."

அப்பாவின் மேட்டில் கற்றாழை நட்டு, பக்கத்தில் தனக்கு இடம் விட்டு வைத்திருந்தவளே அவள்தான்.

"அப்பா பக்கத்துல வேணாமா?"

"ஆசதான். அதுக்காக எவனாச்சும் தோண்டியெடுத்து என்னைய நாலு பேரு பாக்க வைக்கவா? ஒன்னைய மாதிரி ஒருத்தி தொடச்சு வப்பா."

"அதெல்லாம் ஆயிரம் வருசம் ஆகும்மா."

"அவளும் அப்படித்தான நெனச்சிருப்பா."

அம்மா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

மறுநாள் எங்கள் அதிகாரியிடம் கெஞ்சி அந்தப் பெட்டிக்கு ஒரு கறுப்புத் துணி போட்டேன். இறந்தவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் விலக்கிப் பார்க்கலாம் என்று ஓர் அறிவிப்பும் வைத்தேன். திறந்து கிடந்தபோது யாரும் நின்று பார்த்ததில்லை. மூடிய பிறகுதான் கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று துணியைத் தூக்கிக் கத்தினார்கள். ஒருவர் செல்ஃபி எடுத்தார். நான் கத்திய கத்தலில் அவர் புகார் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் அம்மா கேட்டபோது, மூடிவிட்டோம் என்று மட்டும் சொன்னேன்.

ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. சித்தப்பா ஊரிலிருந்து வந்ததும், "குழி வெட்ட ஆள் சொல்லியாச்சு" என்றார். நான் மின்மயானம் என்றேன்.

"அண்ணனுக்குப் பக்கத்துல எடம் சும்மா கெடக்கு. நாளைக்கி மேல போனா அவரு மொகத்துல நா எப்படி முழிக்கிறது? படிச்ச திமிராத்தா ஒனக்கு?"

திமிர் இல்லை. புதைத்துவிடலாம் என்று எனக்கே வாய்வரை வந்தது. காட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில், நினைத்தால் போய் உட்காரலாம். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்ற அம்மாவின் முகம் விடவில்லை.

மயானத்து ஊழியரும் அதையேதான் சொன்னார். "மொகம் பாக்குறவுக பாத்துக்கங்க." பார்த்தேன். துணியை இழுத்து நானே மூடினேன்.

சாம்பலை ஒரு சின்னக் கலயத்தில் தந்தார்கள். மேலாக எலும்புத் துண்டுகள் கிடந்தன. எது விரல், எது தாடை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம். இத்தனை வருடத்தில் கையுறை போடாமல் நான் தொட்ட எலும்பு அதுதான். வைகையில் கரைத்தோம்.

இப்போதும் அந்தப் பெண்ணுக்கு நீல மணிகளை மாற்றுகிறேன், துணியைச் சரிசெய்கிறேன். காட்டில் அப்பாவின் கற்றாழை பரவி, பக்கத்து இடத்தையும் பிடித்துக்கொண்டது. அம்மா கேட்டபடியே ஆயிற்று. இனி யாராலும் அவளைத் தேடி எடுக்க முடியாது, என்னாலும்தான்.