எலுமிச்சம்பழம் நசுக்கிய விமானம்

எங்கள் ஊர்ப்பக்கம் எந்த வண்டி வாங்கினாலும், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓட்டுவோம். டி.வி.எஸ். ஃபிப்டியிலிருந்து நெல் அறுக்கிற மெஷின் வரைக்கும் இதுதான் வழக்கம். ஒரு தடவை விமானத்துக்கும் செய்தோம். உள்ளே உட்கார்ந்திருந்த மடையன் நான்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உட்காரலாம். இறக்கை முழுக்கத் துணி, மூக்கில் மரத்தில் செதுக்கிய ஒரு விசிறி. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த முதலாளி ஒருவரின் அப்பா ஓட்டியது. அவர் செத்த பிறகு கொட்டகையிலேயே நின்று எலிக்கும் குளவிக்கும் வீடாகிப் போயிருந்தது. முதலாளிக்கு மகள் கல்யாணம் வந்தது. பறக்கவெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் எதிரில் நின்ற இடத்தில் விசிறி சுற்றினால் போதும் என்று கள்ளக்குறிச்சிக்கு வந்து என் அக்கா புருஷனைக் கேட்டார். மாமா டிராக்டர் மெக்கானிக். டிராக்டர் தவிர வேறு எதையும் பிரித்ததில்லை. நான் பேட்டரி கடை. டிராக்டரையே ஒழுங்காகப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் யோசிக்காமல் சரி என்றோம்.

முதல் நாளே அடி விழுந்தது. இறக்கையைத் தட்டிப் பார்க்கிறேன் என்று நான் குத்திய குத்தில் உள்ளே குளவிக்கூடு உடைந்தது. கொட்டியதில் ஒரு கண் மூடிக்கொண்டது. மாமாவை ஒரு குளவிகூடத் தொடவில்லை. நான் முந்திக்கொண்டு ஓடியதில் அத்தனையும் என் பின்னாலேயே வந்துவிட்டன.

அதற்குப் பிறகு இன்ஜின். பட்டன் கிடையாது, விசிறியைக் கையால் பிடித்து இழுத்துவிட வேண்டும். மாமா இழுத்தார். அது ஒரு தும்மல் போட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றி அவருடைய வலது கையில் அறைந்தது. கட்டையால் அடித்த சத்தம். கை வீங்கிப் பூசணிப் பிஞ்சு மாதிரி ஆனது. அன்றைக்கு அக்கா பத்துப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கை ரெண்டும்தான் எங்க பொழப்பு. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

"அப்ப சோத்துக்கு எங்கக்கா போறது?"

கரண்டி பறந்து வந்தது. இந்தத் தடவை நல்ல கண் பக்கம்.

அதிலிருந்து ஜாக்கிரதையானோம். சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தோம். வாலில் இருந்த இரும்பு வளையத்தில் வடக்கயிறு போட்டு வேப்பமரத்தில் இறுக்கிக் கட்டினோம். அப்படிக் கட்டிப்போட்டு ஓட்டியபோது இன்ஜின் சொன்னபடி கேட்டது. மாமா சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். முதலாளி பூஜைத் தட்டோடு வந்தார்.

"பழம் நசுங்காம என் வூட்டு வண்டி எதுவும் கெளம்புனதில்லப்பா."

கல் இருந்தால் பழம் எப்படி நசுங்கும்? கல்லை எடுத்தோம். கயிறு இறுக்கமாக இருந்தால் வண்டி எப்படி நகரும்? ஒரு முழம் தளர்த்தினோம். அங்கே இருந்த மூன்று பேருக்கும் அது நியாயமாகவே பட்டது.

"நான் சுத்திவுட்டு ஒதுங்கிக்கிறன். நீ உள்ள குந்திக்கினு அந்தக் குமிழப் புடிச்சிக்க. இழுத்தா கம்மி, தள்ளுனா ஜாஸ்தி. டிராக்டர் மாதிரி இல்ல, தலகீழு. புரிஞ்சுதா?" என்றார் மாமா.

"புரிஞ்சிது மாமா."

நிஜமாகவே புரிந்திருந்தது.

இழுத்தார். இன்ஜின் உறுமியது. பழம் இரண்டும் சட்டென்று வெடித்தன. அந்த ஒரு முழம் ஓடின வேகத்தில் கயிறு சுண்டியது. கயிறு அறுந்துபோகவில்லை, துருப்பிடித்த வளையம்தான் வாலில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு மரத்தடியிலேயே தங்கிவிட்டது. விமானம் ஒரு எகிறு எகிறியது. எதிரே மாமா.

புரிந்ததெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. குறைக்கிறேன் என்று குமிழை முழுக்க முன்னால் தள்ளினேன். காது கிழிகிற அலறல். அலறினது இன்ஜினா நானா என்று இன்றைக்கும் தெரியாது. மாமா பக்கத்தில் ஒதுங்கியிருக்கலாம். பஸ்ஸுக்கு முன்னால் ஓடுகிற கோழி மாதிரி வண்டிப் பாதையில் நேராக ஓடினார். அவர் முதுகுச் சட்டை விசிறிக் காற்றில் படபடப்பது தெரிந்தது. "ஓடு மாமா" என்று கத்தினேன். துரத்துகிறவனே சொல்கிற யோசனை. மொட்டை போடுகிறேன் என்று சாமியிடம் வேண்டினேன். அப்போதே பாதி வழுக்கை.

கடைசியில் கிளட்ச் ஞாபகம் வந்தது. இடது காலால் ஓங்கி மிதித்தேன். விமானத்தில் கிளட்ச் கிடையாது. அந்த மிதியில் விமானம் இடது பக்கம் திரும்பியது. அதே நேரத்தில் மாமாவும் இடது பக்கக் கரும்புக்குள் பாய்ந்தார்.

அவர் பின்னாலேயே விசிறி நுழைந்தது. கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி என் முகத்தில் வீசியது. காய்ந்த சோகை இலை, மண், கணு எல்லாம் அறைந்தன. பிறகு விசிறியே பிளந்து, ஒரு மரச்சிம்பு என் காதை உரசிக்கொண்டு போய் இறக்கைத் துணியைக் கிழித்தது. மூக்கு வாய்க்காலில் குத்தி நின்றது. இன்ஜின் செத்தது.

முகமெல்லாம் ஈரம். பிசுபிசுப்பு. ரத்தம் என்றே நினைத்தேன். உதட்டில் வழிந்தது இனித்தது. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அது ஞாபகம் வந்ததும், அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அழ ஆரம்பித்தேன்.

கரும்பு சலசலத்தது. மாமா வெளியே வந்தார். சோகை கீறி முகம் முழுக்கக் கோடு, சட்டையில் பாதி இல்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"மாமா, கையக் காட்டு."

"காட்டறன், எறங்கு."

இறங்கினேன். வலது கையால் ஒன்று கொடுத்தார். பொறி பறந்தது. முதலாளி ஓடி வந்து, "உடுப்பா, சின்னப் பையன்" என்றார். எனக்கு வயது நாற்பத்தைந்து.

அந்த அறையில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"எடது கையாலயும் ஒண்ணு குடு மாமா. பாத்துக்கறன்."

கொடுத்தார். அதிலும் குறை ஒன்றும் இல்லை.